பேய்மனையில் பாவைகள்: அச்சமும் நகையும்

மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த தொல்காப்பியர் நகையை முதலிலும் அச்சத்தை ஐந்தாவதாகவும் வைத்தார். நூலில் இவ்விரண்டும் தள்ளி நிற்பினும் குழந்தையின் நெஞ்சில் அருகருகே நிற்கின்றன. கதவுக்குப் பின்னே ஒளிந்திருந்த அண்ணன் திடீரென வெளிப்பட்டு அலறினால் தங்கை முதலில் நடுங்குகிறாள். அடுத்த நொடியே விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அந்த ஒரு நொடி இடைவெளியைப் பற்றிக்கொண்டு எழுந்தவையே உலகெங்கும் வழங்கும் பேய்நகைக் கதைகள். அவ்விடைவெளியைக் கையாளும் திறத்தில்தான் அக்கதைகளின் உயர்வும் தாழ்வும் அமைகின்றன.

இத்திறத்தை ஆராய்தற்கு ஏற்ற அண்மைக்காலப் படைப்பு ஒன்று உண்டு. 2021ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் இணையத் திரையில் வெளிவந்த ‘மப்பெட்ஸ் ஹான்டட் மேன்ஷன்’ என்னும் பாவைநாடகமே அது. கிர்க் தாட்சர் இயக்கிய இந்நாடகம் ஒரு மணி நேரத்திற்கும் குறைவான அளவினது. குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து காணத்தக்கது. ‘பொம்மை விளையாட்டுத்தானே’ என்று தமிழாசிரியர் இதனைத் தள்ளிவிடுதல் பொருந்தாது. மெய்ப்பாட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நோக்குவார்க்கு இதனுள் கற்கவும் கற்பிக்கவும் பொருள் உண்டு.

கதையின் போக்கு

மப்பெட் என்பன ஜிம் ஹென்சன் 1955ஆம் ஆண்டு முதல் உருவாக்கிய பாவைகள். 1976 முதல் 1981 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சி நிகழ்ச்சி அவற்றை உலகறியச் செய்தது. அக்கூட்டத்துள் கோன்சோ என்பவன் ஒரு விந்தைப் பிறவி. வளைந்து நீண்ட மூக்கும் நீலநிற உடலும் உடைய அவன் இன்ன விலங்கு என்று சொல்ல இயலாதவன். உயிரைப் பணயம் வைத்து வித்தை காட்டுவதே அவன் தொழில்.

ஆண்டுதோறும் நண்பர் கூடும் விழாவைத் துறந்து, பெப்பே என்னும் இறாலைத் துணைக்கொண்டு, கோன்சோ ஒரு பாழ்மாளிகைக்குச் செல்கிறான். நூறாண்டுகளுக்கு முன் புகழ்பெற்ற மாயவித்தைக்காரன் ஒருவன் மறைந்துபோன இடம் அது. மாளிகையின் தலைவனாகிய ஆவி ஓர் அறைகூவல் விடுக்கிறது. பொழுது விடியும்வரை அங்கே தாக்குப்பிடித்தல் வேண்டும். தவறினால் என்றென்றும் அங்கேயே தங்கிவிட நேரும். தனக்கு அச்சமென்பதே இல்லையென மார்தட்டும் கோன்சோ மகிழ்ச்சியோடு உடன்படுகிறான். நடிகர்கள் கூடும் விருந்து என்று நம்பி வந்த பெப்பேயோ, மணந்த கணவரையெல்லாம் கொன்ற மணமகள் ஆவியின் வலையில் வீழ்கிறான்.

களன் மாறும் இடம்

அச்சம் தோன்றுதற்குத் தொல்காப்பியர் கூறும் களன்கள் நான்கு. அவற்றுள் முதலது அணங்கு. பேயையும் பூதத்தையும் உரையாசிரியர் அணங்கினுள் அடக்குவர். பேய்மனைக் கதை எதுவாயினும் இக்களனில் பிறக்கும் அச்சத்தையே காட்டும் என்றுதான் காண்போர் எதிர்பார்ப்பர். இந்நாடகத்தின் முற்பகுதி அவ்வெதிர்பார்ப்பை வேண்டுமென்றே பொய்யாக்குகிறது. தூணில் எழும் உருவங்களும் பாடும் சிலைகளும் கோன்சோவை நடுக்கவில்லை. அவற்றைக் கண்டு அவன் மகிழ்கிறான்; ஆவிகள் அவனைக் கண்டு திகைக்கின்றன. அஞ்ச வேண்டியவன் அஞ்சாமையும், அஞ்சுவிக்க வேண்டியவை ஏமாறுதலும் நகைக்கு இடமாகின்றன.

இறுதியில் 999ஆம் எண்ணுள்ள அறைக்குள் கோன்சோ செல்கிறான். அங்கே பேயில்லை; ஒரு கண்ணாடி மட்டுமே இருக்கிறது. அதில் தெரியும் அவன் உருவம் மெல்ல மெல்ல முதுமை எய்துகிறது. வித்தை காட்டும் வலிமை போய்விட்டால் தன்னை யார் விரும்புவார், யார் கைதட்டுவார் என்ற எண்ணம் அவனை வளைத்துக்கொள்கிறது. எந்த ஆவியாலும் விளைக்க முடியாத நடுக்கத்தை ஒரு கண்ணாடி விளைத்துவிடுகிறது.

மூப்பைத் தொல்காப்பியர் அச்சத்தின் களனாகக் கூறவில்லை. இளிவரலின் களன்களுள் முதலதாகவே கூறினார். முதுமையில் மாந்தரை வருத்துவது தம்மைத் தாமே இழிவாக எண்ணும் எண்ணமே என்பது அவர் கண்ட உண்மை போலும். கோன்சோவின் நிலையும் அதுவே. அவன் அச்சமென்று உணர்வது அடியில் இளிவரலாக இருக்கிறது. ‘அஞ்சேன்’ என்று அவன் வாழ்நாளெல்லாம் முழங்கியது அந்த இளிவரலை மூடிய போர்வை. பெருமிதத்திற்குரிய களன்களாகத் தறுகண்மையும் புகழும் சொல்லப்பட்டுள்ளன. அவன் தறுகண்மையைப் புகழுக்கு விலையாகக் கொடுத்துக்கொண்டிருந்தவன். கொடுக்கத் தறுகண்மை இல்லாத நாளில் தன்னிடம் எஞ்சுவது யாதென்னும் வினாவைக் கண்ணாடி அவன்முன் வைக்கிறது. தான் அஞ்சுவதை அவன் ஒப்புக்கொள்கிறான். வித்தைக்காக அன்றித் தனக்காகவே நண்பர் தன்னை நேசிப்பதையும் உணர்கிறான். அந்த உணர்வே அவனை அவ்வறையிலிருந்து விடுவிக்கிறது.

அணங்கில் தொடங்கி மூப்பில் முடியும் இந்தக் களன் மாற்றமே நாடகத்தின் உயிர்நிலை. சிரித்துக்கொண்டிருந்த சிறுவன் இவ்விடத்தில் சற்று அமைதியாகிறான். அவனுடன் அமர்ந்திருக்கும் பாட்டனார் அவனைவிட அமைதியாகிறார். குடும்பத்தோடு காணத்தக்கது என்னும் சொல்லுக்குத் தீமையற்றது என்பது மட்டும் பொருளன்று. ஒரே காட்சி மூன்று தலைமுறையினர்க்கும் மூன்று வகையாகப் பொருள்படுதலே அதன் முழுப்பொருள்.

பாவைக்குள் இருக்கும் கை

திருக்குறளில் நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறள் மரப்பாவையைச் சுட்டுகிறது. உள்ளத்தே நாணம் இல்லாதார் இயங்குவது, கயிற்றால் இயங்கும் பாவை உயிருடையது போல மயக்குவதற்கு ஒப்பாகும் என்பது அதன் கருத்து. வள்ளுவர்க்குப் பாவை உயிரின்மைக்கு உவமை. கலைஞன் கையில் அவ்வுவமை தலைகீழாகிறது. பாவைக்கு உயிரில்லை என்பதைக் காண்போர் அறிவர். அறிந்தும் அதற்காகக் கண்ணீர் விடுகின்றனர்.

கோன்சோவை 1976ஆம் ஆண்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சி முதலாக இயக்கிக் குரல் கொடுத்து வருபவர் டேவ் கோல்ஸ். அவர் 1946ஆம் ஆண்டு பிறந்தவர். இந்நாடகம் வெளிவந்தபோது அவர் அகவை 75. பாவை மூப்படைவதில்லை, துணியும் பஞ்சும் புதுப்பிக்கப்படும். மூப்படைவது உள்ளிருக்கும் கையும் குரலுமே. கண்ணாடியின்முன் நின்று ‘இனி என்னை யார் விரும்புவார்’ என்று கலங்கும் அக்குரல் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒரே பாவைக்குள் வாழ்ந்த ஒருவரின் குரல். இச்செய்தியை அறிந்து காண்பார்க்கு அக்காட்சி இருமடங்கு ஆழமுடையதாகிறது. அறியாதவர்க்கும் குரலின் தழுதழுப்பு ஏதோ ஒன்றை உணர்த்தாமற் போவதில்லை.

குறைகள்

நாடகம் குறையற்றது அன்று. அமெரிக்காவின் டிஸ்னிலேண்டில் 1969ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பேய்மாளிகைக் கேளிக்கையே இதன் மூலம். அங்கே 999 ஆவிகள் வாழ்வதாகச் சொல்வது வழக்கம். அறையின் எண்ணும் அதிலிருந்து வந்ததே. அக்கேளிக்கையில் ஏறி அமர்ந்தவர்க்கு மட்டுமே விளங்கும் குறிப்புகள் காட்சிதோறும் மலிந்துள்ளன. புகழ்பெற்ற நடிகர் பலர் நொடிப்பொழுது முகங்காட்டி மறைகின்றனர். மலேசியத் தமிழ்ச் சிறுவனுக்கு அம்முகங்கள் யாருடையவென்று தெரியாது. விளக்கினால்தான் சிரிக்கமுடியும் என்ற நிலையிலுள்ள நகைச்சுவை பாதி இறந்ததாகும்.

பெப்பேயின் கிளைக்கதை இதனினும் மெலிந்தது. பிறர் கொளுத்தியதைக் கொண்டு விடாதிருத்தலே மடன் என்பர். அம்மடனுக்கு அவன் நல்ல எடுத்துக்காட்டு, சிரிப்பும் எழுகிறது. ஆனால் அவன் எதையும் உணர்வதில்லை. நண்பனால் மீட்கப்படுகிறான், அவ்வளவே. தலைமைக் கதை தன்னையறிதலைப் பேச, கிளைக்கதை அதற்கு எதிரொலியாக அமையாமல் தனித்து ஓடுகிறது. மேலும், கண்ணாடி ஊமையாகக் காட்டிவிட்ட பொருளைக் கோன்சோ பின்னர் வாய்விட்டு விளக்கவும் செய்கிறான். காட்டியபின் சொல்லுதல் காண்போரின் அறிவை ஐயுறுவதாகும்.

தமிழ்ப் பாவைமரபும் பினாங்கும்

அச்சத்தையும் நகையையும் ஒரே திரையில் நிறுத்துவது தமிழர்க்குப் புதிதன்று. தமிழகத்துத் தோற்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் நகைப்பாத்திரங்கள் உண்டு. இராமனும் இராவணனும் தோன்றும் அதே திரையில் இவர்கள் ஊர்ப்பேச்சில் உரையாடி, அன்றைய விலைவாசியையும் வீட்டுச் சண்டையையும் இழுத்துப் பேசுவர். அரக்கரைக் கண்டு மிரண்ட பிள்ளைகள் இவர்களைக் கண்டதும் மூச்சுவிட்டுச் சிரிப்பர். திரைக்குப் பின்னே ஒருவரே பாவைகளை ஆட்டி, அத்தனை குரலும் பேசுவார். அச்சுறுத்தும் குரலும் சிரிக்கவைக்கும் குரலும் ஒரே தொண்டையிலிருந்து வருதல் அக்கலையின் தனிச்சிறப்பு.

கேரளத்துப் பாலக்காட்டுப் பகுதியில் கம்பன் பாடல்களைக் கொண்டு நிகழ்த்தப்படும் தோல்பாவைக்கூத்து பத்திரகாளி கோயில்களைச் சார்ந்தது. தாரிகனோடு போர்புரிந்தமையால் இராம இராவணப் போரைக் காணத் தவறிய காளிக்காகவே அஃது ஆடப்படுகிறது என்பர். முன்னே மனிதர் ஒருவரும் இல்லாவிடினும் கூத்து நில்லாது. இக்கலையைப் பேணிவரும் இராமச்சந்திரப் புலவர்க்கு இந்திய அரசு 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இதற்கு இணையான காட்சி பினாங்கிலும் உண்டு. சீனரின் ஏழாம் மாதத்தில் பசித்த ஆவிகளுக்கு விழா எடுக்கும்போது போத்தேஹி என்னும் கையுறைப் பாவைக்கூத்து நிகழ்த்தப்படுதல் மரபு. மேடை நிகழ்ச்சிகளில் முன்வரிசை இருக்கைகளை ஆவிகளுக்கென வெறுமையாக விடும் வழக்கமும் உண்டு. அமெரிக்க நாடகத்தில் பாவைகள் ஆவிகளின் வீட்டிற்குச் செல்கின்றன. பினாங்கிலோ ஆவிகள் பாவைகளைக் காண வருகின்றன. ஆவிக்கும் பொழுதுபோக்கு வேண்டுமென்று எண்ணிய நெஞ்சம் அச்சத்தை எவ்வளவு பண்படுத்தியிருக்கிறது என்பது எண்ணத்தக்கது.

தொண்ணூற்றொன்பது கதவுகள்

பத்து காவான் அமைந்துள்ள தென் செபராங் பிறையிலேயே, நிபோங் திபால் அருகில், ‘99 கதவு வீடு’ என்று பெயர்பெற்ற பாழடைந்த தோட்ட மாளிகை ஒன்று உள்ளது. கலிடோனியா தோட்டத்தை உடைமையாகக் கொண்டிருந்த ராம்ஸ்டன் குடும்பத்தாரின் மாளிகை அது. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1948ஆம் ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டார். மாளிகை கைவிடப்பட்டது, பேய்க்கதைகள் குடிபுகுந்தன. இளைஞர் இரவில் விளக்கேந்திச் சென்று அஞ்சித் திரும்பும் இடமாக அது மாறியது.

கதைகள் அணங்கையே பேசுகின்றன. அச்சத்தின் நான்காம் களனாகத் தொல்காப்பியர் கூறிய இறையை அவை பேசுவதில்லை. இறை என்பது தன்னை ஆளும் தலைவனிடத்துத் தோன்றும் அச்சம். கரும்பும் பின்னர் ரப்பரும் விளைந்த அத்தோட்டப் பகுதிகளில் உழைத்தவர் தமிழர். துரையின் பங்களாவைக் கடக்கும்போது தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தவர்கள் எந்த ஆவிக்கும் அஞ்சவில்லை. உயிரோடிருந்த துரைக்கும் கங்காணிக்குமே அஞ்சினர். அந்த அச்சம் பேசப்படாமையால் பேயாக மாறி அவ்வீட்டில் உலவுகிறது எனலாம். இன்று பத்து காவானில் தோட்டம் அழிந்து நகரம் எழுந்துள்ளது. 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இரண்டாம் பாலம் தீவையும் அதனையும் இணைக்கிறது. லயத்து வீடுகளின் நினைவு பாட்டிமாரின் பேச்சில் மட்டுமே எஞ்சியுள்ளது. அப்பேச்சும் ஓய்ந்தபின் பேய்க்கதை ஒன்றே மிஞ்சும்.

கோன்சோவின் கதை தமிழாசிரியர்க்குக் கற்பிப்பது இதுவே: பேய்மனைக்குள் நுழையும் நகைச்சுவை அங்கு உண்மையில் உறைந்திருக்கும் அச்சத்தைப் பெயர்சொல்லி அழைத்தாலன்றிக் கலையாகாது. பழைய காலுறைகளும் பொத்தான்களும் கொண்டு கையுறைப் பாவை செய்தல் தொடக்கப்பள்ளி மாணவர்க்கும் எளிது. அப்பாவைகளுள் ஒன்றற்கு உளுவத்தலையன் என்று பெயரிட்டு, அவனை அத்தொண்ணூற்றொன்பது கதவுகளுள் ஒன்றைத் தட்டச் செய்யலாம். கதவைத் திறக்கும் துரையின் ஆவி அவனைக் கண்டு உறுமட்டும். உளுவத்தலையனோ தலைத்துண்டை அவிழ்க்காமலே நின்று, தன் பாட்டனுக்குத் தரவேண்டிய கூலிப்பாக்கியைக் கேட்கட்டும். வகுப்பறை சிரிக்கும். சிரித்த பிள்ளைகளுள் ஒருத்தியாவது அன்றிரவு தன் பாட்டியிடம் சென்று, ‘பாட்டி, நீங்கள் துரைக்குப் பயந்ததுண்டா?’ என்று கேட்பாள். பாவைக்கூத்து தன் பணியை அவ்விடத்தில் செய்து முடித்ததாகும்.