தங்கம் இல்லாத நகைக்குச் செய்கூலி

நகைக்கடை ரசீதில் மூன்று வரிகளை நின்று படிப்பேன்: எடை, சேதாரம், செய்கூலி. எடைக்கான விலை பலகையில் எழுதியிருக்கும்; அதில் வாயைத் திறக்க வழியில்லை. சேதாரத்தில் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம். ஆசாரியின் கை தெரிவது மூன்றாவது வரியில். முதல் இரண்டையும் அடித்துவிட்டால் என்ன மிஞ்சும்? செகண்ட் லைஃப் என்ற இணைய உலகில் கழுத்துமாலை செய்து விற்பவர்கள் இருபது வருஷத்துக்கு மேலாக அந்த ஒற்றை வரி ரசீதைத்தான் எழுதிவருகிறார்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள லிண்டன் லேப் 2003 ஜூனில் திறந்துவிட்ட உலகம் அது. ஜெயிக்கவோ தோற்கவோ அங்கே எதுவுமில்லை என்பதால் விளையாட்டு என்று சொல்ல மனம் வருவதில்லை. வீடு, தலைமுடி, செருப்பு, சன்னல் திரை என்று கண்ணில் படுவதில் பெரும்பகுதி அங்கே புழங்குகிற ஜனங்களே செய்தது. செய்தவருக்கே அதன் உரிமை என்று அந்த ஆண்டு நவம்பரில் நிறுவனம் அறிவித்தது. அந்த அறிவிப்பு இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. நாணயம் லிண்டன் டாலர். ஓர் அமெரிக்க டாலருக்குச் சுமார் 250. உள்ளே சம்பாதித்ததை வெளியே நிஜப் பணமாக்கிக்கொள்ளலாம். முதன்மைச் சர்வர் தொகுதிக்கு அக்னி என்று பெயர், சோதனைத் தொகுதிக்கு அதிதி. அக்னியில், பொருளின் பரப்பில் ஒட்டும் ஒரு டெக்ஸ்சர் படத்தை ஏற்ற நெடுங்காலம் 10 லிண்டன்தான் கட்டணம், அதாவது 4 சென்ட். கச்சாப் பொருளின் செலவு அதோடு சரி. சிக்கனக்காரர்கள் அதிதியில் இலவசமாக ஏற்றிப் பார்த்து, பிழை திருத்தி, பிறகுதான் அக்னிக்கு வருவார்கள்.

கழுத்துமாலைக்கே வருகிறேன். 2011-இல் மெஷ் என்ற முப்பரிமாண வடிவமுறை வருவதற்கு முன்பு நகைகள் பெரும்பாலும் பிரிம்களால் ஆனவை: பெட்டி, உருளை, கோளம், வளையம் மாதிரியான அடிப்படை வடிவங்கள். அவற்றை நீட்டி, முறுக்கி, குடைந்து, வெட்டித்தான் செய்தாக வேண்டும். ஒரு பிரிமை ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே சுருக்க முடியாது என்பது விதி. ஒரு சென்டிமீட்டர் முத்து நெல்லிக்காய் மாதிரி இருக்கும். அதைக் கோத்தால் மாலையாகுமா? நகை செய்தவர்கள் கண்டுபிடித்த தந்திரம் அழகானது. கோளத்தை விதிப்படி ஒரு சென்டிமீட்டரிலேயே வைத்துக்கொண்டு, அதன் பரப்பில் கடுகளவு மட்டும் மிச்சம் இருக்கும்படி மற்றதையெல்லாம் வெட்டித் தள்ளினார்கள். கணினியின் கணக்கில் அது நெல்லிக்காய், கண்ணுக்குக் கடுகு. அப்படி நூற்றுக்கணக்கான கடுகுகளைக் கையாலேயே வரிசைப்படுத்தி, ஒன்றோடொன்று இணைத்து, கழுத்தின் வளைவுக்குப் படிய வைப்பார்கள். கேமராவைக் கிட்டே கொண்டுபோய் அந்தக் கோர்வையைப் பார்த்தவர்களுக்குச் செய்கூலி என்ற சொல்லின் பொருள் புரியும்.

மரச்சாமான் கடையில் கணக்கு தலைகீழ். உடம்பில் அணிவதற்கு நிலத்தின் பிரிம் கணக்கு கிடையாது. தரையில் வைப்பதற்கு உண்டு. 512 சதுர மீட்டர் மனை வாங்கினால் அந்நாளில் 117 பிரிம்தான் வைக்கலாம், வீடும் சேர்த்து. இருபது பிரிமில் ஒரு நாற்காலி செய்ய ஆட்கள் இருந்தார்கள். அதே அழகை மூன்று பிரிமில் கொண்டுவந்தவரைத்தான் கொண்டாடினார்கள். பொருள் குறையக் குறைய மதிப்பு ஏறுகிற தச்சு வேலையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அப்படியொரு மனையில்தான் எனக்கும் ஒரு சின்ன வீடு இருந்தது. படிப்பு மேசை ஒன்று வேண்டும் என்று ஒரு பெண்மணியிடம் கேட்டேன். அங்குள்ள வழக்கப்படி நோட்கார்டில் எழுதி அனுப்பினேன். எவ்வளவு செலவழிப்பீர்கள் என்று கேட்பார் என எதிர்பார்த்திருந்தேன். வந்த முதல் கேள்வி: "உங்களிடம் எத்தனை பிரிம் மீதி இருக்கிறது?" பதினொன்று என்றேன். இரண்டாவது கேள்வி: "காப்பியா, டிரான்ஸ்ஃபரா?" மூன்றாவது: "உங்களுக்கு மட்டுமா, நான் கடையிலும் வைக்கலாமா?"

இந்த இரண்டு, மூன்றாம் கேள்விகளில்தான் விலைக் கலையே இருக்கிறது. அங்கே ஒரு பொருளோடு மூன்று அனுமதிகள் ஒட்டிக்கொண்டு வரும்: நகல் எடுக்கலாமா, மாற்றலாமா, கைமாற்றலாமா. நகல் உண்டு, கைமாற்ற முடியாது என்றால், ஒரு நாற்காலியை வாங்கி டீக்கடையில் நாற்பது போடலாம். ஒன்றைக்கூட நண்பருக்குத் தர முடியாது. கைமாற்றலாம், நகல் இல்லை என்றால் அது நம் வீட்டு மர நாற்காலி மாதிரி. பரிசளிக்கலாம், பழசாக விற்கலாம், போனால் போனதுதான். மூன்றும் திறந்திருந்தால் வாங்கியவரே கடை போட்டுவிடலாம் என்பதால், அதற்கு விலை பல மடங்கு, நிபந்தனைச் சீட்டும் கூடவே வரும். பொருள் ஒன்றுதான், கூட அனுப்பும் அனுமதிக்குத்தான் விலை. 2006 நவம்பரில் காப்பிபாட் என்ற நிரல் இந்த அனுமதிகளைத் தாண்டி நகலெடுக்க வழிசெய்தபோது, பலர் கடையை அடைத்து எதிர்ப்புக் காட்டினார்கள். அவர்களுடைய கல்லாவே அந்த மூன்று அனுமதிகளில்தான் இருந்தது.

பெண்மணி இரண்டு விலை சொன்னார். கடையிலும் வைப்பதென்றால் 4,000 லிண்டன். எனக்கு மட்டும் என்றால் 15,000. அதே மேசை, அதே உழைப்பு. அப்போது கொஞ்சம் கோபம்கூட வந்தது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அமெரிக்காவில் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர், சுமார் 1,800 லிண்டன். பத்து மணி நேர வேலைக்கு 18,000. கடையில் 300 லிண்டனுக்கு விற்கும் பொருள் அந்தக் கூலியை எட்ட 60 பேர் வாங்க வேண்டும். எனக்கென்று மட்டும் செய்தால் அந்த 60 பேரின் இடத்திலும் நான் ஒருவனே நிற்க வேண்டும். 15,000 என்பது வராமல் போகப்போகிற வாடிக்கையாளர்களுக்கான ஈடு. அதிலும் அவர் எனக்குத் தள்ளுபடிதான் கொடுத்திருந்தார். பல கைவினைஞர்கள் சுயவிவரத்திலேயே "தனி ஆர்டர் எடுப்பதில்லை" என்று எழுதிவைத்திருப்பதன் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது. திமிர் என்று நினைத்திருந்தேன்.

4,000 கொடுத்தேன். மேசை ஒன்பது பிரிமில் வந்தது. எட்டு பிரிம் மரத்துக்கு, ஒன்று நிழலுக்கு. ஆம், நிழலுக்குத் தனியே ஒரு தட்டையான பிரிம், அதன்மேல் கறுப்பிலிருந்து ஒன்றுமில்லாததுவரை மெல்லக் கரையும் படம். அது இல்லாவிட்டால் மேசை தரையில் உட்காராமல் மிதப்பதுபோல் இருக்கும். மேலே கிடந்த புத்தகங்கள் வெறும் டெக்ஸ்சர், ஆனால் ஒன்றின் முதுகில் அட்டை கிழிந்திருந்தது. கேட்காமல் செய்த அந்தக் கிழிசலுக்கு அவர் எவ்வளவு போட்டார் என்று எனக்கு இன்றும் ஆவல்.

மெஷ் வந்தபின் உடம்பே கடைச்சரக்காகிவிட்டது. மைத்ரேயா நிறுவனத்தின் லாரா என்ற பெண்ணுடல் நெடுங்காலம் 2,750 லிண்டன். அதற்கேற்ற சட்டைகளை நூற்றுக்கணக்கான தையல்காரர்கள் சில நூறுக்கு விற்றார்கள். உடம்பு ஒருமுறை, சட்டை ஆயுளுக்கும். சட்டையிலும் ஒரு நிறம் ஒரு விலை, எல்லா நிறமும் சேர்ந்த ஃபேட்பேக் வேறு விலை. பெரும்பாலானவற்றை வாங்குமுன் டெமோ போட்டுப் பார்க்கலாம். காசில்லை, ஆனால் தலைக்குமேல் 'டெமோ' என்ற பலகை தொங்கும். துணிக்கடைக் கண்ணாடிமுன் நிற்பவரின் கூச்சத்தை இவ்வளவு நேர்மையாக வேறு யாரும் விலைப்பட்டியலில் சேர்த்ததில்லை. கச்சா (gacha) என்ற அதிர்ஷ்டப் பெட்டிகளும் ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்டன. காசைப் போட்டால் எது வரும் என்று தெரியாது. 2021-இல் லிண்டன் லேப் அதைத் தடை செய்தது. எனக்கு வருத்தமில்லை. சூதாட்டத்தில் விலை சொல்வது கைவினைஞர் அல்ல, ஆசை.

விலை சொல்வதில் என் ருசி இது: பத்து மணி நேர வேலைக்கு 99 என்று போடுபவரைவிட, 400 என்று போட்டு அனுமதிகளைத் தெளிவாக எழுதிவைப்பவர் மேல். மலிவாக விற்பவர் தன்னை மட்டும் ஏமாற்றிக்கொள்ளவில்லை. பக்கத்துக் கடையில் நூற்றுக்கணக்கான கடுகு கோத்தவரின் செய்கூலியையும் சேர்த்தே கரைக்கிறார்.

அந்த மேசை சில வாரங்களில் அவர் கடைக்கு வந்தது. 350 லிண்டன், கிழிந்த அட்டையோடு. மனை என்னிடம் இப்போது இல்லை. மேசை என் இன்வென்டரியில் இருக்கிறது. எத்தனை நகல் வேண்டுமானாலும் போடலாம், யாருக்கும் கொடுக்க முடியாது.