இயங்குதளப் பாடம்: பெயர்ப் பட்டியல் மட்டும் போதுமா?



இயங்குதளம் என்றால் என்ன, அது எப்படி வளர்ந்தது என்று தமிழில் முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்கு எளிதாகக் கிடைக்கும் நூல் ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசு 2018-இல் வெளியிட்ட பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல்தான் அது. இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பினாங்கில் நம் மாணவர்கள் இடைநிலைப்பள்ளியில் இதை மலாயிலோ ஆங்கிலத்திலோதான் படிக்கிறார்கள். ஆனால் கருத்தைத் தாய்மொழியில் ஒருமுறை புரிந்துகொண்டால், எந்த மொழியில் கேட்டாலும் பதில் வரும். ஆகவே இந்த நூல் எங்கே கைகொடுக்கிறது, எங்கே நாம் கூடச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். அந்த நூல் 'இயக்க அமைப்பு' என்கிறது. நம் நாட்டில் 'இயங்குதளம்' என்று எழுதுகிறோம். மலாய்ப் பாடநூலில் மலாய்ச் சொல் வரும். மூன்றும் ஒன்றுதான். வகுப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கடைசிவரை அதையே சொல்லுங்கள். மாற்றி மாற்றிச் சொன்னால் பிள்ளைகள் மூன்று வெவ்வேறு பொருள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நூலின் பலம்

நான்காம் பாடத்தில் செயல் மேலாண்மை வருகிறது. பல வேலைகள் ஒரே நேரத்தில் வந்து நின்றால் செயலியை முதலில் யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி அது. முதலில் வந்தது முதலில், குறுகிய வேலை முதலில், சுற்று முறை, முன்னுரிமை முறை என நான்கு வழிகளை நூல் வரிசையாகச் சொல்கிறது. இந்தப் பகுதியைத் தைரியமாக வகுப்புக்கு எடுத்துப் போகலாம். ஒரு கணக்கை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் அறையில் ஒரே ஒரு பிரிண்டர். நிமிடத்துக்கு ஒரு பக்கம் அடிக்கும். மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக அனுப்புகிறார்கள்: 30 பக்கம், 3 பக்கம், 2 பக்கம். வந்த வரிசையில் அடித்தால் அவர்கள் காத்திருப்பது 0, 30, 33 நிமிடம். சராசரி 21. குறுகியதை முதலில் அடித்தால் 0, 2, 5. சராசரி ஏறக்குறைய 2.3 நிமிடம்தான்! அப்படின்னா இதுவே சிறந்த முறையா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். சின்னச் சின்ன வேலையாக வந்துகொண்டே இருந்தால், அந்த 30 பக்கத்துக்காரர் பள்ளி மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். சுற்று முறையைப் பிரிண்டரில் செய்தால் எல்லாருடைய பக்கங்களும் கலந்துபோகும். ஆனால் செயலியில் அது நன்றாக வேலை செய்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் கொஞ்சம் நேரம் கொடுத்துச் சுற்றிவந்தால், எல்லாமே ஒன்றாக ஓடுவதுபோல் நமக்குத் தெரியும்.

முதல் குறை: 'ஏன்' இல்லாத வரலாறு

யூனிக்ஸ், விண்டோஸ், லினக்ஸ், ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. மனப்பாடம் செய்ய வசதிதான். ஆனால் ஒன்றுக்குப் பின் இன்னொன்று ஏன் வந்தது என்ற கேள்விக்கு இடம் குறைவு. நம் பக்கத்துத் தேர்வுக் குறிப்புகள் பலவும் இப்படித்தான் இருக்கின்றன. தலைமுறை ஒன்று, தலைமுறை இரண்டு என்று அட்டவணை போட்டால் மாணவனுக்கு ஆண்டு நினைவிருக்கும், காரணம் தெரியாது.

நான் சொல்லும் வழி இது: ஒவ்வொரு கட்டத்திலும் 'யார் யாருக்காகக் காத்திருந்தார்கள்?' என்று கேளுங்கள்.

1950-களின் தொடக்கத்தில் விலையுயர்ந்த கணினி மனிதனுக்காகக் காத்திருந்தது. ஒருவர் அட்டைகளை மாட்டி, ஓட்டி, கழற்றி எடுக்கும்வரை இயந்திரம் பெரும்பாலும் சும்மா இருந்தது. அதைத் தவிர்க்கத்தான் வேலைகளைக் கட்டாகச் சேர்த்து ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும் முறை வந்தது. 1956-இல் ஐபிஎம் 704 கணினிக்காக ஜெனரல் மோட்டார்ஸும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷனும் உருவாக்கிய மென்பொருளை இதன் தொடக்கம் எனலாம்.

அப்புறம் நிலைமை தலைகீழானது. இப்போது மனிதர்கள் கணினிக்காகக் காத்திருந்தார்கள். நிரலில் ஒரு சின்னப் பிழை என்றாலும் திருத்தி மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு விடையாக 1961-இல் எம்ஐடியில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு நேரப் பகிர்வு முறையைச் செய்து காட்டியது. அதைப் பெரிதாக்க வந்த மல்டிக்ஸ் திட்டம் சிக்கலாகிப்போனது. 1969-இல் பெல் ஆய்வகம் அதிலிருந்து விலகியது. அதே ஆண்டு அங்கே கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் சிறியதாக ஒன்றைத் தொடங்கினார்கள். அதுதான் யூனிக்ஸ். 1973-இல் அதை சி மொழியில் திருப்பி எழுதியதால், ஒரு கணினியிலிருந்து இன்னொரு வகைக் கணினிக்குக் கொண்டுபோவது எளிதானது.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் யூனிக்ஸ் வழியில் லினக்ஸ் கருவை எழுதினார். இன்று மாணவன் பள்ளியில் திறக்கும் குரோம்புக்கிலும் கையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் உள்ளே இருப்பது அந்தக் கருதான். இதைச் சொன்னால் போதும், 'பழைய கதை' என்று பார்க்கும் பிள்ளைகூட நிமிர்ந்து உட்காரும்.

இரண்டாம் குறை: தமிழ் கடைசி அறையில்

இதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. இயங்குதளம் நான்காம் பாடத்தில். கணினியில் தமிழ் பதினெட்டாம் பாடத்தில், அதாவது நூலின் கடைசியில். இரண்டுக்கும் நடுவே பதின்மூன்று பாடங்கள். ஆனால் இயங்குதளம் எதற்கு என்று விளக்குவதற்குத் தமிழைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்கு வேறெங்கே கிடைக்கும்?

யோசித்துப் பாருங்கள். 1981-இல் வந்த எம்எஸ்-டாஸ் தமிழை அறியாது. ஆகவே அதில் ஓடிய தமிழ் மென்பொருள் ஒவ்வொன்றும் எழுத்தைத் திரையில் காட்டும் வேலையையும், எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற வேலையையும் தானே சுமக்க வேண்டியிருந்தது. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கியபோது இருந்த உலகம் அது. பின்னர் விண்டோஸ் வந்தும், ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த எழுத்துருக்களே நெடுநாள் ஓடின. ஒவ்வொருவரும் ஒவ்வொரு அடுக்கு வைத்தார்கள். ஓர் எழுத்துருவில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல்தான். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு விசைப்பலகையையும் குறியாக்கத்தையும் ஒழுங்குபடுத்த முயன்றது இதனால்தான்.

யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால் எண் கொடுத்தால் மட்டும் எழுத்து வராது. 'கொ' என்பதை எடுங்கள். நினைவகத்தில் 'க', அடுத்து ஒகரக் குறி என இரண்டே குறியீடுகள். திரையிலோ கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம், நடுவில் 'க' வர வேண்டும். இந்த அடுக்கல் வேலையை யார் செய்வது? விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு இயங்குதளமே அந்தப் பொறுப்பை ஏற்றது. அன்றிலிருந்து எழுத்தை அடுக்குவது சொற்செயலி எழுதுபவரின் தலைவலியாக இருக்கவில்லை. மேக் கணினியோடு வரும் இணைமதி எழுத்துரு முத்து நெடுமாறன் வடிவமைத்தது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். இயங்குதள வரலாறு எங்கோ அமெரிக்காவில் மட்டும் நடந்ததல்ல.

பொதுவான பல வேலைகளை ஒவ்வொரு நிரலும் தனித்தனியாகச் செய்யாமல், எல்லாருக்குமாக ஒரே இடத்தில் செய்து கொடுப்பதுதான் இயங்குதளம். 'பயனருக்கும் கணினிக்கும் இடையே பாலம்' என்ற வரியை மனப்பாடம் செய்த மாணவனுக்கு இது பிடிபட்டிருக்காது. 'கொ' கதையைக் கேட்டவனுக்குப் பிடிபடும்.

வகுப்பில் எப்படி எடுப்பது?

நூலைத் தள்ளிவிட வேண்டாம். நான்காம் பாடத்தையும் பதினெட்டாம் பாடத்தையும் அடுத்தடுத்து வைத்து நடத்துங்கள், அவ்வளவுதான். இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972-இல் நம் பாயான் லெப்பாசில்தான் திறந்தது. சில்லு என்றால் என்னவென்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். 'சில்லு மட்டும் இருந்தால் கணினி ஓடுமா?' என்ற கேள்வியோடு தொடங்கலாம்.

பயிற்சிக்கு ஒரு கேள்வி: இயங்குதளம் இல்லாவிட்டால் ஒரு தமிழ்ச் சொற்செயலி என்னென்ன வேலைகளைத் தானே செய்ய வேண்டியிருக்கும்?

விடையில் இருக்க வேண்டியவை: விசை அழுத்தத்தைப் பெறுதல், எழுத்தை அடுக்கித் திரையில் காட்டுதல், நினைவகத்தில் இடம் பிடித்தல், கோப்பை வட்டில் சேமித்தல், அச்சுப்பொறிக்கு அனுப்புதல். ஐந்துக்கும் ஒவ்வொரு வரி விளக்கம் போதும். ஆண்டுகளை அடுக்கினால் மட்டும் முழு மதிப்பெண் கொடுக்காதீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேலை. பள்ளிக் கணினியில் பழைய எழுத்துருவில் அடித்த தேர்வுத்தாள்களும் ஆண்டுமலர்க் கட்டுரைகளும் இன்னும் கிடந்தால், அந்த எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு, மாற்றிக் கருவி வழியாக யூனிகோடுக்கு மாற்றிவையுங்கள். எழுத்துருவும் பெயரும் தொலைந்துபோனால் அந்தக் கோப்புகளைத் திரும்ப வாசிப்பது சிரமம். மாணவர்களையே கூட்டிக்கொண்டு செய்தால் அதுவே நல்ல செய்முறைப் பாடம்.