பார்வையாளரும் பண்டமும்: மலையகத் திரை நுகர்வின் பொருளாதாரம் பற்றிச் சில குறிப்புகள்

மலையகத் தோட்டத் தொழிலாளரின் சினிமா ஈடுபாடு பற்றி நம்மிடையே எழுதப்பட்டவற்றை ஒருசேர நோக்குமிடத்து, அவற்றுட் பல இரசனை பற்றிய குறைகூறலாகவே அமைந்திருப்பதைக் காணலாம். ஆனால் இரசனை வானத்திலிருந்து குதிப்பதன்று. ஒரு பண்டம் எங்கு உற்பத்தியாகி, யார் கைவழியாக, எவ்விலைக்கு வந்து சேர்கிறது என்பதை ஆராயாது, அதை நுகர்வோரை மட்டும் இடித்துரைப்பது விமரிசனமாகாது. மத்தியதர வர்க்கத்தின் முகச்சுளிப்பாகவே அது எஞ்சிவிடும்.

ஹல்துமுல்லையை எடுத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து பதுளை செல்லும் வீதியில், பெலிஹுல்ஓயாவைக் கடந்து பெரகலைக்கு ஏறுமுன் அமைந்துள்ள இப்பகுதியின் தோட்டங்களில் வாழும் தமிழருக்குப் படம் என்பது நீண்ட காலம் சென்னையில் தயாராகி, கொழும்பு விநியோகத்தரின் கைப்பட்டு, மலைநாட்டு நகரத் திரையரங்குகளுக்கு வந்து சேர்ந்த சரக்காகும். தயாரிப்புச் செலவின் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டுச் சந்தையிலேயே மீட்டுக்கொள்ளக்கூடிய படத்துக்கு இலங்கை வருவாய் மேலதிக இலாபமே. அத்தகைய சரக்கோடு, முழுச் செலவையும் இச்சிறு நாட்டின் தமிழ்ப் பார்வையாளரிடமே ஈட்டவேண்டிய உள்ளூர்ப் படம் சம போட்டியில் நிற்க முடியாது. 1947 இல் முதலாவது சிங்களப் பேசும் படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். சினிமாஸ் நிறுவனத்தின் கே. குணரத்தினமும் சிங்களப் படத் தயாரிப்பில் முதலிட்டவரே. மூலதனம் மொழிப்பற்றை அன்றி இலாப வீதத்தையே பின்தொடரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. முப்பத்தைந்து மில்லிமீற்றரில் உருவான முதல் இலங்கைத் தமிழ்ப் படமான 'தோட்டக்காரி' 1963 வரை காத்திருக்க நேர்ந்தமையும் இதனாலேயே.

எழுபதுகள் இந்நிலையில் ஓர் இடைவெளியை உண்டாக்கின. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்து, இறக்குமதியும் விநியோகமும் அரசின் கைக்கு மாறின. தென்னிந்தியப் படங்கள் கட்டுப்படுத்தப்பட்ட அக்காலத்திலேயே 'குத்துவிளக்கு' (1972), 'புதிய காற்று' (1975), 'கோமாளிகள்' (1976), 'பொன்மணி' (1977) முதலியன வெளிவந்தன. இதனைக் காட்டி இறக்குமதித் தடையே பரிகாரம் என வாதிடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். படத்தைக் காத்த அரசு, படம் பார்க்கும் மக்களைக் காக்கவில்லை. 1948 இன் சட்டத்தால் குடியுரிமை இழந்தோரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப 1964 இல் உடன்பாடு காணப்பட்டிருந்தது. உள்ளூர்த் தமிழ்ச் சினிமாவின் சந்தையாகக்கூடிய மக்கள் எழுபதுகளில் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினர். பின்னர் 1977 இன் திறந்த பொருளாதாரம் வந்தது. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா கலையகம் எரிந்து பெருந்தொகையான படச்சுருள்கள் சாம்பலாயின.

இவ்விடத்தில் 'புதிய காற்று' தனித்து நோக்கத்தக்கது. அதன் தயாரிப்பாளர் வி. பி. கணேசன் தொழிற்சங்கத் தலைவர். எழுத்தில் பங்கு கொண்ட தெளிவத்தை ஜோசப் ஊவாத் தோட்டப்புறத்திலே பிறந்தவர். மலையக வாழ்வு, அவ்வாழ்வை அறிந்தோராலேயே திரைக்குக் கொண்டுவரப்பட்டமை அதன் வரலாற்றுச் சிறப்பாகும். எனினும் தலைவரே தயாரிப்பாளரும் கதாநாயகனுமாக அமைந்தபோது, சென்னைப் படத்தின் மீட்பர் வடிவம் பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டது. உள்ளடக்கம் மலையகத்ததாயினும் தொழிலாளி தன் விடுதலையைத் தானும் பார்வையாளனாக இருந்தே காணவேண்டியவனானான். இக்குறையைத் தனிமனிதர் மேற் சுமத்துதல் தகாது. சந்தையில் விலைபோன வடிவம் அதுவே. விநியோகத்தின் தேவை கலை வடிவத்தையும் தீர்மானித்தது.

தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதற் கலைக்கூடம் திரையரங்கே எனப் பேராசிரியர் சிவத்தம்பி சுட்டிக்காட்டினார். 1982 இல் ரூபவாஹினியும், 1998 இல் சக்தி தொலைக்காட்சியும், பின்னர் லயத்துக் கூரைகளில் முளைத்த டிஷ்களும் அக்கூரையைப் பல கூரைகளாகப் பிரித்தன. வியாபாரத்தின் தன்மையும் மாறியது. விளம்பர ஊடகம் உண்மையில் விற்பது நிகழ்ச்சியையன்று, பார்வையாளரையே என டலஸ் ஸ்மைத் 1977 இல் வாதிட்டார். நுழைவுச்சீட்டு வாங்கிய தொழிலாளி ஒரு தடவையே விலை கொடுத்தார். டிஷ்ஷுக்கு ரீலோட் செய்பவரோ கட்டணமாக ஒரு முறையும், விளம்பரம் பார்க்கும் நேரமாக மறுமுறையும், விளம்பரச் செலவு ஏற்றப்பட்ட சவர்க்காரத்தின் விலையாக மூன்றாம் முறையும் கொடுக்கிறார். நாட்சம்பளம் 1,000 ரூபா ஆவதற்கு 2021 வரை போராடவேண்டியிருந்த மக்களிடமிருந்தே இம்மூன்றும் அறவிடப்படுகின்றன என்பது கவனிக்கத்தக்கது.

இம்மக்கள் திரையிலே தோன்றியது எப்போது? 2014 ஒக்ரோபர் 29 அன்று ஹல்துமுல்லைப் பிரிவிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவிற் புதைந்தபோது. அபாயம் பற்றி முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே வாழ விடப்பட்டிருந்தனர். அந்த எச்சரிக்கைக் காலம் செய்தியாகவில்லை, சாவே செய்தியாயிற்று. அன்றாட உழைப்புக்கு விலையில்லாத திரையில் அழுகைக்கு விலை இருந்தது.

கைத்தொலைபேசி இவ்வுறவை மாற்றிவிட்டதெனச் சிலர் மகிழ்கின்றனர். லயத்து இளைஞரும் இன்று படமெடுத்து யூடியூபில் ஏற்றலாம் என்பது உண்மையே. ஆயின் விளம்பர வருவாய்க்கு வழமையான தகுதி, 1,000 சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும். நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் ஆக்கியவருக்கு 55 வீதம் கிடைக்கிறது. கமெராவும் உழைப்பும் அவருடையவை. எஞ்சிய பங்கு மேடையின் உடைமையாளருக்கு. விளம்பரதாரர் ஏழைப் பார்வையாளருக்குக் குறைந்த விலையும் செல்வ நாட்டுப் பார்வையாளருக்குக் கூடிய விலையும் தருவதால், காணொளி புலம்பெயர்ந்தோரின் கண்ணை நோக்கியே தன்னை வடிவமைத்துக்கொள்கிறது. ஒழுகும் கூரையும் உதவிப் பொதி பெறும் கிழவியின் கண்ணீரும் பெருகுவதன் பொருளாதாரக் காரணம் இதுவே. மீரியபெத்தையிலே நிகழ்ந்தது இப்போது நாளாந்தத் தொழிலாகியுள்ளது.

ஆகவே கொழும்பு விநியோகத்தர், அரசு, தொலைக்காட்சி நிறுவனம், பன்னாட்டு மேடை என அறவிடுபவர் மாறினரேயன்றி உறவு மாறவில்லை. 1975 இல் அரசுடைமையான கம்பனித் தோட்டங்கள் 1992 இல் மீண்டும் கம்பனிகளின் முகாமைக்கு வந்தபோது கொழுந்து பறித்தவரின் நிலை எவ்வாறு மாறவில்லையோ, அவ்வாறே இதுவும். முற்போக்கு விமரிசகரின் பணி இரசனையைத் திருத்துவதோடு முடிவதன்று. தொழிற்சங்கங்களின் சந்தாப் பணம், தோட்டத்துப் பாடசாலை மண்டபம், கூட்டுறவு முறை ஆகியவற்றைக் கொண்டு திரையிடலையும் விநியோகத்தையும் மக்கள் கைக்குக் கொண்டுவரும் வழிகளை ஆராய்வதே இன்றைய தேவை. 'புதிய காற்று' அத்திசையில் வைத்த முதலடி நிறைவற்றதாயினும், அடுத்த அடியை வைக்கவேண்டிய கடமை நமக்கு உண்டு.