அச்சுக்கூடம் யாருடையது?

இணையம் ஈழத்துத் தமிழ் இலக்கியத்தில் ஏற்படுத்திய விளைவுகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே முடிபைத் திரும்பத் திரும்பக் கூறி வருகின்றனர். எழுத்து சனநாயகமயமாகிவிட்டது, பத்திராதிபரின் தயவு இனி வேண்டியதில்லை, கையிலே தொலைபேசியுள்ள எவரும் எழுத்தாளரே என்பது அம்முடிபு. இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் எழுதுவோர் தொகை பெருகியதைக் கண்டு மகிழ்ந்தவர்கள், எழுதும் கருவி யாருடைய உடைமை என்று கேட்க மறந்துவிட்டனர். உற்பத்திச் சாதனங்களின் உடைமையைப் பற்றி மேடைதோறும் முழங்கும் நம்மவரும் இவ்விடயத்தில் வாளாவிருப்பதே வியப்புக்குரியது.

யாழ்ப்பாணத்துக்கு இவ்வினா புதியதன்று. 1841இல் 'உதயதாரகை' வெளிவரத் தொடங்கியபோது அச்சு யந்திரம் அமெரிக்க மிஷனரிமாரின் கையில் இருந்தது. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குச் சென்று அச்சு யந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் வித்தியானுபாலன யந்திரசாலையை நிறுவினார். மிஷனின் யந்திரத்தில் அச்சிட்டுக்கொண்டு மிஷனை மறுக்க முடியாதென்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார் எனலாம். கருவியின் சுதந்திரம் பற்றிய முதற் பாடம் அது. ஆனால் அத்துடன் அமைந்துவிடுவது நேர்மையான விமர்சனமாகாது. நாவலரின் சமூக நோக்கு சாதி ஒழுங்கைக் கேள்விக்குட்படுத்தியதன்று. அதனை ஏற்று நின்றது. யந்திரம் நம்மவர் கைக்கு வந்தது. நம்மவருள் யாருடைய கைக்கு என்பது எஞ்சி நின்றது. 1966இல் டொமினிக் ஜீவா 'மல்லிகை'யைத் தொடங்கி, கஸ்தூரியார் வீதியிலே தாம் தொழில் செய்த சிகையலங்கார நிலையத்தைக் களமாகக்கொண்டு, பிரதிகளைத் தாமே சுமந்து விற்று அதை நடத்தியபோதுதான் அவ்வினாவுக்கு ஒரு பகுதி விடை கிடைத்தது.

இவ்வளவும் அறிந்த நாம் இன்று என் செய்கிறோம்? கதையையும் கவிதையையும் விவாதத்தையும் கொண்டுபோய்ப் பேஸ்புக்கில் வைக்கிறோம். அது நமது வீடன்று, இன்னொருவருடைய திண்ணை. இருக்கவிடும் வரை இருக்கலாம். எவருடைய குரல் எவரை எட்டவேண்டும் என்பதைத் திண்ணைக்காரனின் கணக்கு முடிவுசெய்கிறது. விளம்பரத்துக்கு ஆகாத சிந்தனை பின்னுக்குத் தள்ளப்படுகிறது. வாரத்துக்கு நிலம் செய்தவனிடமாவது விளைச்சலில் ஒரு பங்கு எஞ்சியது. இங்கே விளைச்சல் முழுவதும் நிலக்காரனுக்கே. குடியானவனுக்குக் கிடைப்பது விருப்பக் குறிகள்.

மிகைப்படுத்திக் கூறுவதாக எவரும் எண்ணவேண்டாம். 'மரத்தடி', 'அகத்தியர்', 'ராயர் காப்பி கிளப்' என்பன ஒரு காலத்தில் உலகெங்குமுள்ள தமிழர் கூடி வாதாடிய யாஹூ குழுமங்கள். 2019இன் இறுதியில் அந்நிறுவனம் குழுமங்களிற் சேர்ந்திருந்த எழுத்தை அழிக்கப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பரில் சேவையையே மூடிற்று. முன்னறிந்து பிரதியெடுத்தோரின் எழுத்துப் பிழைத்தது, ஏனையது அழிந்தது. அதே நிறுவனம் 1999இல் விலைக்கு வாங்கிய ஜியோசிட்டீஸ் என்னும் இலவசக் குடியிருப்பை 2009இல் மூடியபோதும் இதுவே நிகழ்ந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒப்பற்ற சுவடிகளும் ஏடுகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தமையாலேயே ஓர் இரவு அவற்றுக்குப் போதுமாயிற்று. அந்தக் குரூரத்தையும் ஒரு கம்பெனியின் கணக்குப் பார்ப்பையும் ஒன்றென்று கூறுவது அறமாகாது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில், ஒரே திறப்பின் கீழ் வைப்பதன் ஆபத்து இரண்டிலும் உண்டு. அரசுக்கும் இது வசதி. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் இலங்கையில் சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்டமையை வாசகர் மறந்திரார். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. நாட்டின் பேச்சு முழுவதும் நான்கைந்து வாசல்களால் நடமாடுமாயின் அவற்றை அடைப்பது எளிது.

இதற்கு மாறான வரலாறும் நம்மிடம் உண்டு. அதுவே இங்கு விரிவாகப் பேசத்தக்கது. பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன்வரை ஈழத்து எழுத்தின் பெரும்பகுதி 'பாமினி' போன்ற எழுத்துருக்களில் அடைபட்டுக் கிடந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும்; தேடவும் இயலாது. இவ்வரண்களை உடைத்தவை பெருங் கம்பெனிகள் அல்ல. பல நாடுகளிற் சிதறியிருந்த தமிழர் 1990களின் பிற்பகுதியில் மின்னஞ்சல்வழி வாதாடி ஒரு பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். அதிராம்பட்டினத்து உமர்தம்பி 'தேனீ' எழுத்துருவை இலவசமாக வழங்கி 2006இல் மறைந்தார். புலம்பெயர்ந்து வாழும் சுரதா யாழ்வாணன் ஆக்கிய எழுத்துருமாற்றி, பாமினியிற் கிடந்ததை ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுத்தது. நமது ஆசிரியர்களும் பத்திரிகை அலுவலகங்களும் அதை எத்தனை முறை பயன்படுத்தியிருப்பர்! இலக்கிய வரலாறு எழுதுவோர் கவிஞரின் பெயரைப் பதிவார். கவிதையைக் காப்பாற்றிய கருவியைச் செய்தவரின் பெயரைப் பதியார். இது உடலுழைப்பைத் தாழ்வாக மதிக்கும் பழைய புத்தியின் மிச்சமே.

2005இல் தொடங்கிய 'நூலகம்' இவ்வழியில் வந்த மிகப் பெரிய சாதனை. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், துண்டுப் பிரசுரங்கள் எனப் பல்லாயிரம் ஆவணங்களை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். 'மல்லிகை' இதழ்களை நமது மாணவர் இன்று அங்கேயே காண்கின்றனர். விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி என்னும் திறந்த மென்பொருளிலேயே அது இயங்குகிறது. ஆகையால் நாளை எந்தக் கம்பெனி மூடினாலும் அது பூட்டப்படாது. போற்றவேண்டியதைப் போற்றியபின் குறையையும் கூறவேண்டும். அங்குள்ளவற்றிற் பெரும்பாலானவை பக்கங்களின் படங்கள். சிறிய திரையில் அவற்றைப் படிப்பது கடினம். பார்வையிழந்த வாசகருக்கோ பயனில்லை. இன்னொன்று இதனினும் ஆழமானது. அச்சேறியதே பெரிதும் சேகரிக்கப்படுகிறது. அச்சேற வசதி பெற்றவரோ நமது சமூகத்தில் ஒரு சிலர். பாடசாலை மலரும் கோயில் மலரும் நினைவு மலரும் நிறைந்திருக்க, தோட்டக் கூலியும் கள்ளிறக்குவோனும் தம் வரலாற்றை எங்கே தேடுவர்? வாய்மொழி வரலாறுகளையும் ஒளிப்படங்களையும் 'ஆவணகம்' என்னும் மற்றொரு தளத்திற் சேர்க்கத் தொடங்கியமை இக்குறையை அவர்களும் உணர்ந்துள்ளனர் என்பதற்குச் சான்று.

மேல்நாட்டிலும் திண்ணை வாழ்வை வெறுத்தோர் ஓர் இயக்கம் கண்டுள்ளனர். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 2011இல் முதலிற் கூடிய இன்டிவெப் குழுவினர், ஒவ்வொருவரும் தமக்கென முகவரியும் தளமும் வைத்து முதலில் அங்கே எழுதவேண்டும், பின்னரே பிற இடங்களுக்குப் பிரதி அனுப்பவேண்டும் என்கின்றனர். 2016இல் தோன்றிய மாஸ்டடோன் போன்ற மென்பொருள்கள் சிறு சிறு தளங்களை ஒன்றோடொன்று பேசவைக்கின்றன. எதற்கும் ஒற்றை உரிமையாளர் இல்லை. நல்ல ஏற்பாடுகளே. ஆனால் 'ஒவ்வொருவரும் தமக்கென' என்ற சொற்றொடரில் ஒளிந்திருப்பது நடுத்தர வர்க்கத் தனிமனிதவாதம் என்பதைக் காணாமலிருக்க முடியாது. நான் படிப்பிக்கும் மாணவரிற் பலரிடம் கணினி இல்லை. தகப்பனாரின் தொலைபேசியே உண்டு. ஆண்டுதோறும் முகவரிக்கும் வழங்கிக்கும் பணங்கட்டு என்று அவர்களிடம் கூறுவது, பத்திரிகை வேண்டுமானால் ஆளுக்கோர் அச்சுக்கூடம் வாங்கு என்பது போன்றது.

நமக்குப் பழகிய வழி வேறு. 1930களில் யாழ்ப்பாணத்துப் புகையிலைச் செய்கையாளர் வணிகரின் பிடியிலிருந்து விடுபடத் தனித்தனியே கடை போடவில்லை. மலையாளப் புகையிலை விற்பனைச் சங்கத்தை அமைத்தனர். அதே பத்தாண்டில் மூளாய் மக்கள் கூட்டுறவு முறையிலே வைத்தியசாலையையே நிறுவினர். ஒரு வாசகர் வட்டம், ஒரு சனசமூக நிலையம், ஓர் ஆசிரியர் சங்கம் ஆளுக்குச் சிறு தொகை சேர்த்து ஒரு தளத்தை நடத்துவது இவற்றினும் எத்தனையோ எளிய காரியம். '.இலங்கை' எனத் தமிழெழுத்திலேயே முகவரி பதிவுசெய்யவும் இடமுண்டு. ஆனால் அதைச் சங்கத்தின் பெயரிற் பதிவுசெய்யவேண்டும். உற்சாகமுள்ள இளைஞர் ஒருவரின் பெயரிலன்று. அவர் கனடா சென்றதும் தளம் அனாதையாகும் கதை நம்மிடையே அரியதன்று. எழுத்தை எளிய கோப்புகளாக வைத்து ஒரு பிரதியை ஊரிலும் ஒன்றைக் கொழும்பிலும் ஒன்றைக் கடல் கடந்தும் சேமிக்கவேண்டும். பேஸ்புக்கில் எழுதுவதை நிறுத்தவேண்டியதில்லை; அதைச் சுவரொட்டியாகக் கொண்டால் போதும். கடவுச்சொல் எவரெவரிடம் உள்ளதென்பதை வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் அறிவித்து, சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டிலும் பதிந்து வைக்கவேண்டும்.