‘சுயநலப் பயனர்’ யார்? ஒரு வைஃபை கட்டுரையும் ஒரகடம் விடுதி அறைகளும்

வைஃபையில் சுயநல நடத்தை பற்றி மாரியோ சாகல்ய், ழான்-பியர் ஹூபோ உள்ளிட்ட நால்வர் 2005 இன்ஃபோகாம் மாநாட்டில் ஒரு கட்டுரை தந்தார்கள். இன்றும் படிக்க வேண்டிய கட்டுரைதான். ஆனால் அதில் வரும் ‘சுயநலப் பயனரை’ நிஜத்தில் எங்கே போய்த் தேடுவது? அங்கேதான் எனக்குச் சிக்கல்.

முதலில் கட்டுரையின் வாதம். வைஃபையில் எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. அனுப்புமுன் ஒவ்வொரு கருவியும் 0 முதல் 15 அல்லது 31 வரை ஓர் எண்ணைக் குலுக்கிப் போட்டு, அவ்வளவு இடைவெளி காத்திருக்கும். மோதல் வந்தால் அந்த வரம்பு ஏறத்தாழ இரட்டிக்கும். 1023 வரை போகும். இந்த வரம்பைத் தனக்கு மட்டும் குறைத்துக்கொள்கிறவர் முந்திவிடுவார். எல்லோரும் குறைத்தால் வலைப்பின்னலே படுத்துவிடும். ஏமாற்றுகிறவர்கள் ஒருவரையொருவர் தண்டித்தே நல்ல சமநிலைக்கு வர முடியும் என்று காட்டுகிறார்கள். கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போ ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் வருவோம். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் விடுதியில் மட்டுமே 18,720 பேர் தங்கலாம். வாடகை அறைகளில் இருப்பவர்கள் தனி. ஷிப்ட் முடிந்ததும் பலரும் ஒரே நேரத்தில் ஊருக்கு வீடியோ கால் போடுவார்கள். நெட் இழுத்தால் உடனே வரும் பேச்சு: “யாரோ டவுன்லோடு போட்டிருக்காங்க.” சில சமயம் அது உண்மைதான். ஆனால் கட்டுரை சொல்லும் ஏமாற்று வேலை இது இல்லை. காத்திருப்பு வரம்பை மாற்ற எந்த போனின் செட்டிங்ஸிலும் பட்டன் கிடையாது. அது சிப்பிலும் டிரைவரிலும் இருக்கிறது. கடையில் வாங்கும் வைஃபை கார்டுகளே விதியை மீறுவதை பியாங்கி குழு 2007இல் அளந்து காட்டியது. அப்போ சுயநலம் பயனருடையதா, தயாரிப்பாளருடையதா?

இன்னொன்று. ஹூஸ் குழு 2003இல் காட்டியது: 11 மெகாபிட் வேகத்தில் இருப்பவர்கள் நடுவே ஒருவர் 1 மெகாபிட்டில் இருந்தால், எல்லோருடைய வேகமும் 1 மெகாபிட்டுக்குக் கீழே இறங்கிவிடும். காரணம், வைஃபை வாய்ப்பைத்தான் சமமாகப் பிரிக்கிறது, நேரத்தை இல்லை. அந்த ஒருவர் எந்த விதியையும் மீறவில்லை. ரூட்டரிலிருந்து தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கை கிடைத்தவர், அவ்வளவுதான்.

நேரத்தைச் சமமாகப் பிரிக்கும் வழியை 2017இல் லினக்ஸில் செய்து காட்டினார்கள். மற்றவர்களுக்கு வேகம் திரும்பும்; ஆனால் மூலையில் இருப்பவர் இன்னும் மெதுவாவார். அவருக்கும் சேர்த்துத் தீர்வு வேண்டுமென்றால் அவர் பக்கத்தில் இன்னொரு ரூட்டர் வைக்க வேண்டும். அதற்குச் செலவு செய்ய வேண்டியவர் விடுதி நடத்துகிறவர்.

2005 கட்டுரையின் ஆட்டத்தில் பயனர்கள் மட்டுமே ஆடுகிறார்கள். விடுதி நடத்துகிறவருக்கு அங்கே இடமே இல்லை. என் விமர்சனம் இதுதான். யார் சுயநலவாதி என்று தேடுமுன், ஒரு ரூட்டருக்கு எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம்.