பெயரெச்சமும் ஆங்கில வகுப்பறையும்

'நான் பிறந்த ஊர்' என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் யாழ்ப்பாணத்து மாணவன் பெரும்பாலும், 'த வில்லேஜ் விச் ஐ வாஸ் போண்' என்று எழுதுவான். 'இன்' விடுபட்டதென்று ஆசிரியர் சிவப்பு மையால் கோடிடுவார். ஏன் விடுபட்டதென்று கேட்கமாட்டார். நமது ஆங்கில இலக்கண போதனையின் மீது நாம் சுமத்தும் குற்றம் இந்தக் கேளாமையே.

பெயரெச்சம் கொண்டு முடியும் பெயர்களை நன்னூலார் ஆறாக வகுத்தார்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். உதாரணத்துக்கு நம் தோட்டங்களே போதும். தண்ணீர் இறைத்த தம்பி, தண்ணீர் இறைத்த துலா, தண்ணீர் இறைத்த கிணறு, தண்ணீர் இறைத்த நாள், தம்பி இறைத்த தண்ணீர். அவன் இறைத்த இறைப்பையும் சேர்த்தால் ஆறும் நிறைந்துவிடும். 'இறைத்த' என்ற ஒரு சொல் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கிறது. துலாவால் இறைத்தான், கிணற்றிலிருந்து இறைத்தான் என்ற வேற்றுமை உறவுகள் மறைந்து நிற்க, கேட்பவர் பொருளால் உணர்ந்து கொள்கிறார். ஆங்கிலமோ 'ஹூ', 'வித் விச்', 'புறொம் விச்', 'ஒன் விச்' என்று அவ்வுறவுகளை வாய்விட்டுச் சொல்லக் கேட்கிறது. ஆகவே மாணவன் விட்டது கவனக்குறைவால் அன்று. தன் தாய்மொழியின் ஒழுங்கைப் பிறழாது பின்பற்றியதால்.

இதனால் தமிழே உயர்ந்ததென்று மார்தட்டவும் இடமில்லை. 'புலி கொன்ற யானை' என்றால் செத்தது எது? ஆங்கிலத்தில் அந்த ஐயம் எழாது.

பிழையைக் காட்டிலும் கவலைக்குரியது மௌனம். 1974இல் ஜாக்குலின் ஷாக்டர் என்ற மொழியியலாளர் ஆங்கிலம் கற்ற பிறமொழி மாணவரின் கட்டுரைகளை ஆராய்ந்தார். தமிழைப் போலவே தழுவும் தொடரைப் பெயருக்கு முன் வைக்கும் சீன, ஜப்பானிய மொழியினர், பாரசீக, அரபு மொழியினரை விடக் குறைவாகவே பிழை விட்டனர். காரணம், அத்தகைய வாக்கியங்களையே அவர்கள் பெரும்பாலும் தவிர்த்துவிட்டனர். சிவப்பு மை படாத கொப்பியைக் கண்டு மகிழும் ஆசிரியர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

தவிர்ப்பவன் யார்? வீட்டிலே ஆங்கிலம் புழங்கும் பிள்ளை காதாலேயே இத்தொடர்களைப் பெற்றுவிடுகிறது. கடற்றொழிலாளியின் பிள்ளைக்கும் தோட்டக் கூலியின் பிள்ளைக்கும் வகுப்பறையைத் தவிர வேறு வழியில்லை. சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்குக் 'கடுவ', அதாவது வாள், என்று பெயரிட்டது வேடிக்கைக்கு அன்று. அந்த வாள் எவரை வெட்டுகிறது என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

இரு இலக்கணங்களையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலரே, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். நன்னூலுக்குக் காண்டிகையுரையும் கண்டார். அத்தகைய மண்ணில் இன்று தமிழாசிரியர் ஒரு பாடவேளையில் பெயரெச்சம் கற்பித்து வெளியேறுகிறார். அடுத்த பாடவேளையில் ஆங்கில ஆசிரியர் நுழைந்து, 'றிலேற்றிவ் புறோநவுண்' என்று எழுதுமுன் கரும்பலகையைத் துடைக்கிறார். துடைக்காமல் அந்த 'இறைத்த' என்பதை அப்படியே விட்டு, துலாவையும் கிணற்றையும் நாளையும் அதன் பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றிலும் மறைந்திருக்கும் உருபு எதுவென்று பிள்ளைகளையே கேட்கலாம். அவர்கள் சொல்லச் சொல்ல 'வித்', 'புறொம்', 'ஒன்' என்று எழுதிக்கொண்டு போகலாம்.