செவிவழிப் பாடமும் மின்பதிப்பும்

மின்பதிப்பு ஒன்றினை மதிப்பிடுவோர் அதன் பாடம் பிழையற்றதா, சொல் தேடுதற்கு எளிதா என்பவற்றையே பெரும்பாலும் நோக்குவர். பார்வையற்ற மாணவர் ஒருவர் அதனைப் பயில இயலுமா என்னும் வினா மதிப்புரைகளில் அரிதாகவே எழுகின்றது. அவ்வினாவும் பதிப்பியலின்பாற் பட்டதே என்பது எம் துணிபு. கல்வியைப் ‘பாடங் கேட்டல்’ என்றே வழங்கிய மரபு நம்முடையது. அந்தகக்கவி வீரராகவ முதலியார் செவிவழியே கற்றுப் புலவரானார் என்பர்.

இன்று பார்வையற்றோர்க்கு நூலைப் படித்துக் காட்டுவது திரைவாசிப்பான் என்னும் மென்பொருள். 2006-இல் ஆத்திரேலியாவில் தோன்றிய என்.வி.டி.ஏ. விலையின்றிக் கிடைப்பது, தமிழையும் படிக்க வல்லது. ஆயின், அஃது இயல்பாக எழுத்தின் வடிவைக் காண்பதில்லை. எழுத்திற்குரிய குறியெண்ணையே காண்கின்றது. பாமினி என்னும் பழைய எழுத்துருவில் ‘தமிழ்’ என்னும் சொல், ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளாக நிற்கும். கண்ணுக்கு அது தமிழ். திரைவாசிப்பானுக்கோ பொருளற்ற கோவை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களைத் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றியதைக் கணினி நுட்பம் என்று கருதி ஒதுக்குவாருளர். பார்வையற்றோர்க்கு அம்மாற்றமே வாயில் திறந்தது.

ஒருங்குறி அமைந்தால் யாவும் அமைந்தன என்பாரும் உளர். அவர் கூற்று உரைநடைக்கு ஓரளவு பொருந்தும், செய்யுளுக்குப் பொருந்தாது. ஐந்தடிக்கொருமுறை அடியெண் இடுதலும், பாடவேறுபாட்டைச் சுட்டச் சொல்லின் தலைமேல் சிற்றெண் இடுதலும் பதிப்பாசிரியர் வழக்கம். கண் அவ்வெண்களைத் தாண்டிச் செல்லும்; செவி தாண்டாது. பாரதியார் புதுவையில் வாழ்ந்தபோது (1908–1918) இயற்றிய குயில் பாட்டினைக் கேட்பார்க்கு, இரு சீர்களுக்கு நடுவே ‘பன்னிரண்டு’ என்னும் ஒலி புகுமாயின் ஓசை குலையும். அவ்வெண் பாட்டின் உறுப்போ அன்றோ என்னும் ஐயமும் எழும். அடியெண்ணைத் திரைவாசிப்பான் படியாதவாறு மறைத்தலும், சிற்றெண்ணைக் குறிப்புக்குச் செல்லும் இணைப்பாகத் தெளிவுற அமைத்தலும் இதற்கு ஏற்றன. அன்றியும், எந்திரக் குரலில் ‘கலம்’, ‘களம்’ என்பவற்றின் வேறுபாடு தெளிவாகாதபோது, அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாக நகர்ந்து கேட்கலாம். பாடவேறுபாட்டை ஆராயும் பார்வையற்ற மாணவர்க்கு இதனினும் இன்றியமையாதது வேறில்லை. நூற்பக்கத்தின் வெறும் படத்தில் இவ்வசதி இல்லை.

படத்தைக் குறித்து மேலும் ஒன்று கூற வேண்டும். புதுவையிலுள்ள சைவச் சுவடிகள், ஏறத்தாழ 11,000, யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2005-இல் இடம்பெற்றன. இத்தகைய சுவடியின் படத்திற்கு ‘ஓலைச்சுவடி’ என்று ஒரு சொல்லை மாற்றுரையாக இட்டால், தானியங்கிச் சோதனைக் கருவி குறையொன்றும் காட்டாது. மாற்றுரை உண்டா என்பதே அதன் கேள்வி, தக்கதா என்பதன்று. ஆய்வாளர்க்கு ஏட்டெண், எழுத்து வகை, வரித்தொகை, சிதைவு ஆகியவை வேண்டும். உடன் படியெடுத்த பாடமும் வேண்டும்.

புதுவை வரலாறு கூறும் பக்கங்களில் தமிழிடையே பிரெஞ்சுப் பெயர்கள் விரவி வருதல் இயல்பு. பக்கத்தின் மொழியைக் குறித்தலை வலை அணுகல் நெறிமுறைகள் முதல் நிலையிலும், இடைவரும் பிறமொழிப் பகுதியைக் குறித்தலை அடுத்த நிலையிலும் வைத்துள்ளன. குறியாதவிடத்துப் பிரெஞ்சுத் தெருப்பெயரைப் பிறமொழிக் குரல் உருத்தெரியாமல் சிதைக்கும்.

ஆதலின், கருவியின் சான்று மட்டும் போதாது. பார்வையுடையார் ஒருவர் சிறிது நேரம் திரையை அணைத்துக் கேட்டல் நன்றே. எனினும், அவர் நினைவில் பக்கத்தின் அமைப்பு எஞ்சியிருக்கும். யாப்பறிந்த பார்வையற்ற புலவர் ஒருவரே, பதிப்பு வெளிவருமுன், ஊதியம் பெறும் மெய்ப்பு நோக்குநராக அதனைச் சோதித்தல் தகும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணு உள்ளடக்கம் யாவர்க்கும் எட்டும் வடிவில் அமைய அரசு ஆவன செய்தல் வேண்டும் என்கின்றது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் தம் வெளியீடுகளிலிருந்தே இதனைத் தொடங்கலாம். ஆய்வேட்டைப் பி.டி.எஃப். வடிவில் அளிக்கும் மாணவரும், அதில் ஒரு பத்தியைப் படியெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டிப் பார்த்தல் வேண்டும்; எழுத்துகள் அங்கும் தமிழாகவே நிற்கின்றனவா என்பது உடனே விளங்கும்.